மஞ்சள் புள்ளி சொல்லும் கணக்கு

நுண்ணுயிர் தின்ன முடியாதபடி தோலை மாற்றுவதற்குப் பெயர்தான் பதனிடுதல். ஆட்டையோ மாட்டையோ உரித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தள்ளிப்போட உப்பு. மயிரைக் கழற்றச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். கடைசியில் குரோமிய உப்போ மரப்பட்டைச் சாறோ ஏற்றி, தோலின் புரதத்தை எந்தப் பாக்டீரியாவும் எளிதில் கடிக்க முடியாத பொருளாக்கிவிடுகிறார்கள். டேனரிக் குழாயின் மறுமுனையில் இருக்கும் எங்கள் வேலை இதற்கு நேர் எதிர். தோலிலிருந்து கரைந்து வந்த அதே புரதத்தை, அதே வகைப் பாக்டீரியாவைக் கொண்டு, கடைசித் துணுக்கு வரை தின்ன வைக்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் இந்தத் தொழிலோடு எனக்குப் பழக்கம் நெடுநாளையது. முதலில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட், பிறகு ஆராய்ச்சி மாணவன், அதன்பின் இரண்டுக்கும் நடுவில் அலைபவன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிணறுகள் உவர்த்துப்போன கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி இல்லை என்ற நிலை வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

வேலை என்றால் பெரும்பாலும் எண் எழுதுவது. பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை) 250-க்குள் வர வேண்டும். உப்பு மிகுந்த தண்ணீர் என்பதால் சி.ஓ.டி. போடும்போது குளோரைடு குறுக்கே வரும். மெர்க்குரிக் சல்ஃபேட் போட்டு அதைக் கட்ட வேண்டும். பி.ஓ.டி.க்கு மூன்று நாள், 27 டிகிரி. இந்த இரண்டு எண்ணும் தண்ணீரில் எவ்வளவு தீனி இருக்கிறது என்று சொல்லும். என்ன தீனி, அதில் எதை யார் தின்றார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று சொல்லாது. பல வருடம் அந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டே ஒரு நிலையத்தை ஓட்ட முடியும். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். என் வருத்தம் அதில்தான் தொடங்குகிறது.

புதிதாக வரும் கெமிஸ்டை முதலில் திகைக்க வைப்பது அம்மோனியா. உள்ளே வரும் தண்ணீரில் இருந்ததைவிட வெளியே போகும் தண்ணீரில் அம்மோனியா கூடுதலாக இருக்கும். சோதனை தப்பு என்று நினைத்து மறுபடியும் வாலை வடிப்பார்கள். சோதனை சரிதான். புரதத்தை அப்படியே விழுங்க எந்தப் பாக்டீரியாவாலும் முடியாது. அது செல்லின் சவ்வைத் தாண்டாது. ஆகவே வெளியே நொதியைச் சுரந்து, புரதத்தைச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் வெட்டி, அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் அமினோ அமிலத்தின் நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிட்டு, கரிமப் பகுதியை எரித்துச் சக்தியாக்குகிறது. கழற்றிய நைட்ரஜனில் தன் வளர்ச்சிக்குத் தேவையானது போக மிச்சம் அம்மோனியாவாக வெளியே வருகிறது. ஆக, அம்மோனியா ஏறுவது புரதம் தின்னப்பட்டதற்கான சாட்சி. ஏறவும் இல்லை, நைட்ரேட்டாக மாறவும் இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற வேறொரு கூட்டம் வேண்டும்: நைட்ரோசோமோனாஸ் முதலான மெதுவான உயிர்கள். புரதம் தின்பவை சில மணி நேரத்தில் இரட்டிப்பானால், இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் கேட்கும். ஏழு கிராம் அளவு காரத்தன்மையையும் சாப்பிட்டுவிடும். சல்ஃபைடு, குரோமியம், உப்பு எல்லாவற்றுக்கும் முதலில் பணிந்துபோவதும் இந்தக் கூட்டம்தான். இந்த உயிர்கள் திரண்டு வாழும் கசடை அவசரப்பட்டு வெளியேற்றினால் இவை அதோடு போய்விடும். திரும்ப வளர வாரக்கணக்காகும்.

இந்தக் கூட்டங்கள் வேலை செய்யும், காற்று ஊதும் ஏரேஷன் டேங்கை யார் சரியாகப் படிக்கிறார்கள் என்று கேட்டால், நான் கண்ட வரையில் மூத்த ஆபரேட்டர்கள்தான். எங்கள் நிலையத்தில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். காலையில் வந்ததும் மீட்டர் பக்கம் போக மாட்டார். டேங்க் ஓரம் நின்று வாடையைப் பார்ப்பார். ஈர மண் வாடை என்றால் நிம்மதி. அழுகிய முட்டை வாடை லேசாகத் தட்டினாலும் ஊதுபம்பு அறைக்கு நடையைக் கட்டுவார். நுரை வெள்ளையாகப் பொங்கினால் ஒன்று சொல்வார், பழுப்பாகத் தடித்து நின்றால் வேறொன்று. பிறகு ஒரு லிட்டர் அளவுச் சிலிண்டரில் டேங்க் தண்ணீரை மொண்டு ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பார்.

அந்த அரை மணி நேரத்தை நானும் கூடவே நின்று பார்க்கக் கற்றேன். முதல் இரண்டு மூன்று நிமிடம் எல்லாம் ஒரே பழுப்பு. அப்புறம் சிறு திரள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கும். மேலே ஒரு கோடு தெளியும். நல்ல கசடாக இருந்தால் கோடு கூர்மையாக இருக்கும். அரை மணியில் 300 மில்லியில் வந்து நிற்கும். லிட்டருக்கு மூன்று கிராம் கசடு என்றால் ஒரு கிராமுக்கு 100 மில்லி, அது ஆரோக்கியம். இழைப் பாக்டீரியா பெருகிவிட்டால் கசடு பஞ்சுபோல் ஊதி 800-லேயே நின்றுவிடும். அந்தக் கசடில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இழைகள் திரளை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். நல்ல நாளில் வார்ட்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் காம்பைச் சுருக்கி விரித்து நிற்கும். உப்பு ஏறும்போது முதலில் மறைபவற்றில் இவையும் சேர்த்தி.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு பாய் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை அமினோ அமிலத்தின் பக்கம் திருப்பியது. "மழை பெஞ்சா உப்பு கொறையுது, கழிவும் நீர்த்துப்போவுது. தண்ணி நல்லா வரணும்ல? ஒவ்வொரு வாட்டியும் கலங்கித்தான் வருது, ஏன் தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சி.ஓ.டி.யிடமும் இல்லை. உள்ளே வரும் எண் குறைந்திருந்தது, வெளியே போகும் எண் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொலாஜனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோலின் முக்கியப் புரதம் அதுதான். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு அது என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். தோல் தொழிலுக்கென்றே 1948-இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்த நகரத்தில் கொலாஜனின் வடிவம் பிடிபட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும். அவ்வளவு இறுக்கமாக முறுக்க, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். மற்ற இடங்களில் புரோலினும் ஹைட்ராக்ஸிப்ரோலினும் நிறைய. இந்த ஹைட்ராக்ஸிப்ரோலின் பிற விலங்குப் புரதங்களில் அரிது. பாக்டீரியாவின் புரதத்தில் பொதுவாக இருப்பதே இல்லை. கொலாஜனின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அது. அதனால் கழிவுநீரில் ஹைட்ராக்ஸிப்ரோலினை அளந்தால் தோலிலிருந்து வந்த புரதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பாக்டீரியாவுக்கும் அதேபோல் ஒரு முத்திரை உண்டு: டைஅமினோபிமெலிக் அமிலம். எந்தப் புரதத்திலும் வராத அமினோ அமிலம் அது. பெரும்பாலான பாக்டீரியாவின் செல் சுவரில் இருக்கிறது. ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மாதிரியில் அளந்தால் தீனி எவ்வளவு, தின்றவர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். சி.ஓ.டி. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வதைத்தான் இது பிரிக்கிறது.

அளப்பது சுலபமில்லை. மாதிரியை வடிகட்டி, வற்றவைத்து, கண்ணாடி ஆம்பூலில் போட்டு, 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்ற வேண்டும். உள்ளே காற்று இருந்தால் அமினோ அமிலங்கள் கெடும். ஆகவே வெற்றிட பம்பில் இழுத்துக்கொண்டே ஆம்பூலின் கழுத்தைச் சுடரில் உருக்கி மூட வேண்டும். கண்ணாடி உருகி ஒட்டும் அந்த ஒரு நொடியில் கை நடுங்கக் கூடாது. பிறகு 110 டிகிரியில் 24 மணி நேரம். புரதம் முழுவதும் அக்கக்காகப் பிரிந்துவிடும். டிரிப்டோஃபேன் இதில் அழிந்துபோகும். குளூட்டமின் குளூட்டமிக் அமிலமாகவும், ஆஸ்பரஜின் ஆஸ்பார்ட்டிக் அமிலமாகவும் மாறிவிடும். திறந்து பார்த்தால் டேனரி மாதிரி எப்போதும் தேநீர் நிறத்தில் இருக்கும், குரோமியம் இருந்தால் பச்சை தட்டும். இவ்வளவு உப்போடு அமினோ அமிலங்களை அளக்கும் கருவியில் ஏற்ற முடியாது. எதிர்மின் ஏற்றமுள்ள பிசினில் ஓட்டினால் அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொள்ளும். உப்பின் பெரும்பகுதி கழுவிப்போகும். அதன்பின் அம்மோனியாக் கரைசலை விட்டு அவற்றைக் கழற்றி எடுக்கலாம். கையுறை இல்லாமல் ஒரு குழாயைத் தொட்டால் விரல் ரேகையிலிருக்கும் செரினும் கிளைசினும் கணக்கில் ஏறிவிடும்.

கருவி கிடைக்காத காலத்தில் நான் காகித வண்ணப்படிவில்தான் பார்த்தேன். இந்த முறையே கம்பளித் தொழிலுக்காக லீட்ஸ் நகரில் நடந்த ஆராய்ச்சியில் 1944-இல் பிறந்தது. அதன் அடிப்படையை வகுத்த மார்ட்டினுக்கும் சிங்குக்கும் 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. கம்பளியும் தோலும் ஒரே விலங்கின் மேலிருந்து வருபவை என்பதால் அந்த ஆய்வகத்தோடு எனக்கு ஓர் உறவு இருப்பதாகவே தோன்றும். காகிதத்தின் அடியில் பென்சில் கோடு, அதன்மேல் ஊசிமுனைச் சொட்டுகள். பியூட்டனாலும் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும் கலந்த கரைப்பானில் இரவு முழுக்க நிற்க வைத்து, காலையில் உலர்த்தி, நின்ஹைட்ரின் தெளித்து, அடுப்பில் சில நிமிடம் வைத்தால் போதும். வெறும் காகிதத்தில் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். 1910-இல் கேம்பிரிட்ஜில் ரூஹமான் கண்ட நிறம் அது. கிளைசின், அலனின், குளூட்டமிக் எல்லாம் ஊதா. புரோலினும் ஹைட்ராக்ஸிப்ரோலினும் மட்டும் மஞ்சள். ஹைட்ராக்ஸிப்ரோலின் கீழே, புரோலின் அதற்கு மேலே.

பிற்பாடு தானியங்கிக் கருவி வந்தது. ஸ்பாக்மன், ஸ்டைன், மூர் மூவரும் 1958-இல் அமைத்த கருவியின் வழிவந்தது அது: ஊதாவை 570 நானோமீட்டரிலும் மஞ்சளை 440-இலும் தனித்தனியே படிக்கும். இப்போது எச்.பி.எல்.சி. கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓ.பி.ஏ. என்ற சாயப்பொருளை மட்டும் நம்பினால் புரோலினும் ஹைட்ராக்ஸிப்ரோலினும் கண்ணுக்கே தெரியாது. அது அவற்றோடு வினைபுரியாது. தோல் கழிவில் அந்த இரண்டையும் விட்டுவிட்டால் ஆய்வு செய்ததில் பயனே இல்லை. எஃப்மாக் என்ற இன்னொரு சாயப்பொருளையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

நிலையத்தின் உள்வாய்த் தண்ணீரில் இரண்டு மஞ்சள் புள்ளிகளும் அழுத்தமாக எழுந்தன. நன்றாக ஓடும் நாளின் வெளிவாய்த் தண்ணீரில் இரண்டும் மங்கி, டைஅமினோபிமெலிக் தலைதூக்கியது. அப்படியென்றால் வெளியே போகும் தண்ணீரில் மிச்சமிருந்த புரதத்தில் பெரும்பகுதி தோலிலிருந்து வந்ததில்லை. தின்ற பாக்டீரியா சுரந்ததும், செத்து உடைந்ததும்தான். இதைத் தெரிந்துகொள்வதில் கைமேல் பலன் இருக்கிறது. வெளிவாயில் ஹைட்ராக்ஸிப்ரோலின் நின்றால் தீனி தின்னப்படாமல் தப்பிக்கிறது. நேரம் கூட்ட வேண்டும், காற்றைக் கூட்ட வேண்டும். ஹைட்ராக்ஸிப்ரோலின் இல்லாமல் சி.ஓ.டி. மட்டும் நின்றால் எவ்வளவு காற்று ஊதினாலும் மின்கட்டணம்தான் ஏறும். அந்த மிச்சம் பாக்டீரியாவின் எச்சமாக இருக்கலாம், அல்லது மரப்பட்டைச் சாறு, சாயம், செயற்கைப் பதப்பொருள் என்று நின்ஹைட்ரினுக்குப் பிடிபடாத வேறு பொருளாக இருக்கலாம். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு.

பாயின் மழைக் கேள்விக்குப் பதில் கிடைத்தது கசடையே ஆராய்ந்தபோது. உப்புத் தண்ணீரில் வாழும் பாக்டீரியா, வெளியே இருக்கும் உப்பு தன்னிடமிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடாதபடி, உள்ளே சில கரைபொருட்களைச் சேர்த்துவைக்கும். குளூட்டமிக் அமிலம், கிளைசின் பீட்டெயின், புரோலின் எல்லாம் அப்படிச் சேர்ப்பவை. கசடை நன்றாகக் கழுவி, செல்லுக்குள் கரைந்திருப்பதை மட்டும் வடித்து ஓட்டியபோது காகிதத்தில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி எழுந்தது. மேலே புரோலின். கீழே, ஹைட்ராக்ஸிப்ரோலின் நிற்க வேண்டிய இடம் வெறுமை. கொலாஜனிலிருந்து வந்த புரோலினாக இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். தனியாக நின்றதால் அது தோலுடையது இல்லை, பாக்டீரியா உப்புக்கு எதிராகச் சேர்த்துவைத்தது என்று பிடிபட்டது.

மழை பெய்து உப்பு திடீரென்று இறங்கினால், அதுவரை உள்ளே சேர்த்துவைத்ததே செல்லுக்கு ஆபத்தாகிவிடுகிறது. தண்ணீர் உள்ளே பாய்கிறது; செல் ஊதுகிறது. வெடிக்காமல் இருக்க, சவ்விலிருக்கும் வாய்களைத் திறந்து சேமிப்பை வெளியே கொட்டுகிறது. தாங்காதவை உடைந்தே போகின்றன. திரள் கலைகிறது, தண்ணீர் கலங்குகிறது, சி.ஓ.டி. ஏறுகிறது. மழைநாளின் வெளிவாய்த் தண்ணீரிலும் அந்தத் தனி மஞ்சள் புள்ளியைக் கண்டேன். பாயிடம் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப மழை வர்றப்ப புதுத் தண்ணிய ஒரேயடியா விடக் கூடாது" என்றார். சரியாக அதுதான். உப்பு ஏறுவதைக்கூடக் கசடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். சட்டென்று இறங்குவதைத்தான் தாங்காது. அதன்பின் மழைக்காலத்தில் சமன்படுத்தும் தொட்டியில் தண்ணீரைத் தேக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினோம். பண்டிகைக்கு டேனரிகள் மூடித் திறக்கும்போதும் அதையே செய்தோம். பக்ரீத் முடிந்து உப்பிட்ட தோல் வந்து குவியும் வாரங்களுக்கும் இந்த நிதானம்தான் வேண்டும்.

சந்தையில் பாக்கெட்டில் அடைத்த பாக்டீரியாப் பொடி கிடைக்கிறது. கசடு கெட்டால் இதைப் போடுங்கள் என்று விற்பனையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். இந்த உப்பிலும் சல்ஃபைடிலும் குரோமியத்திலும் பிழைத்து, கொலாஜன் துண்டைத் தின்னத் தெரிந்த கூட்டம் ஏற்கெனவே டேங்குக்குள் இருக்கிறது. வேறெங்கோ நல்ல தண்ணீரில் வளர்த்த உயிரைக் கொண்டுவந்து கொட்டினால் அது சில நாளில் அடித்துச் செல்லப்படும், அல்லது இங்கிருப்பவற்றுக்கு இரையாகும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கசடைக் கொண்டு சுத்திகரிக்கும் இந்த முறையைக் கண்டபோது செய்தது இதுதான்: காற்று ஊதிச் சுத்தமான கழிவுநீரை மட்டும் வெளியே விட்டார்கள், அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டார்கள். முதல் முறை ஐந்து வாரம் ஆன வேலை, கசடு சேரச் சேர ஒரு நாளுக்குள் அடங்கியது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து பேராசிரியராக இருந்தார். இருக்கிற கூட்டத்தைக் காப்பாற்று என்ற பாடம் நம் பக்கத்துக்கு அவ்வளவு முன்பே வந்துவிட்டது.

பொடிக்குச் செலவழிக்கும் பணத்தை ஆட்களின் பாதுகாப்புக்குச் செலவழிக்கலாம். காரமான சுண்ணாம்புக் கழிவில் கட்டுண்டு கிடக்கும் சல்ஃபைடு, தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தின் கழிவோடு குழாயில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். அடர்த்தி கூடினால் மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். வாடை போய்விட்டது என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் திரும்புவதில்லை. 2015 சனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள். தண்ணீரைப் பற்றியே பேசிவிட்டு, அதிலிருந்து பிரித்த கசடை எங்கே வைக்கிறோம் என்று கேட்காமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஒவ்வொரு நிலையத்திலும் மாதம் ஒரு முறையாவது ஹைட்ராக்ஸிப்ரோலின் பார்க்க வேண்டும் என்று சொல்லிவருகிறேன். பெரிய கருவி வேண்டாம். அமிலத்தில் பிரித்த மாதிரியைக் குளோரமின்-டி கொண்டு ஆக்ஸிஜனேற்றி, எர்லிக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும். சாதாரண நிறமானியிலேயே படிக்கலாம். உள்வாய், ஏரேஷன் டேங்கின் கடைசி, வெளிவாய் என்று மூன்று இடத்தில் எடுங்கள். வடிகட்டியது ஒன்று, வடிகட்டாதது ஒன்று; ஏனென்றால், வடிகட்டாததில் குரோம் ஏறிய தோல் சீவல் மிதந்து வந்து கணக்கைக் கெடுக்கும். வடிகட்டி முடித்தவுடன் அமிலம் சேர்த்துப் பனிக்கட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே பாட்டிலுக்குள் தின்றுகொண்டிருப்பார்கள்.